எட்டு ஜாடி காட் மீன்

ஊறுகாய் கம்பெனி ஒன்றில் ஏழு மாதம் பழைய பாட்டில்களிலிருந்து லேபிள் உரிக்கும் வேலை பார்த்திருக்கிறேன். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து, பாட்டிலை அதில் அரைமணி நேரம் படுக்க வைத்தால் லேபிள் தானாகக் கழன்று மேலே மிதக்கும். கத்தி வேண்டாம், நகம் வேண்டாம், லேபிளும் கிழியாது. அந்த வேலையில் கெட்டிக்காரன் என்று மேஸ்திரி நாலு பேருக்கு முன்னால் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கிடைத்த நற்சான்று அது ஒன்றுதான்.

கம்பெனி கிண்டி தொழிற்பேட்டையில் இருந்தது. எந்த இடத்திலும் நான் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை, அங்கேயும் இருக்கவில்லை. பிறகு நெல்லூரில் இறால் பண்ணை, புத்தூரில் ஒரு ஓட்டல், மறுபடி சென்னை. நொச்சிக்குப்பத்தில் மீன் வெட்டினேன். படுக்க இடம் கிடைத்த நாட்களில் அங்கே படுத்தேன். கிடைக்காத நாட்களில் பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டு. காற்று நன்றாக வரும்.

மீன் வெட்டும்போது கை கிழிந்து ஐந்து தையல் விழுந்தது. கொஞ்ச நாளைக்கு ஈரத்தில் கை வைக்காதே என்றார் டாக்டர். ஈரமில்லாத வேலை எது என்று விசாரித்ததில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் மியூசியத்தில் பத்து நாள் கூலி வேலை இருப்பதாகத் தெரிந்தது. ஜாடி கழுவும் வேலை.

மியூசியம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். சுவரை ஒட்டி மர அலமாரிகள். அலமாரிகளில் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளில் ஃபார்மலினில் மூழ்கிய பாம்பு, நண்டு, தவளை, மீன். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள்.

அங்கே எல்லாமாக இருந்தவர் ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பூட்டைத் திறப்பவர், கூட்டிப் பெருக்குபவர், ஃபார்மலின் குறைந்தால் ஊற்றுபவர், பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஜாடியாகக் காட்டி விளக்கம் சொல்பவர், எல்லாம் அவர்தான். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். வருகைப் பதிவேட்டில் மற்றவர்கள் பெயரெல்லாம் பேனாவில் இருக்கும், அக்காவின் பெயர் மட்டும் பென்சிலில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதற்காக. அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை வெள்ளத்துக்குப் பிறகு இடித்து, பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். இனி யாரும் தன்னை எங்கேயும் தூக்கி வைக்கக்கூடாது, இந்த ஒரு இடமாவது நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதற்கு வழியும் வந்திருந்தது. ஆயுத பூஜை முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை அறக்கட்டளைக் குழு மியூசியத்தைப் பார்க்க வருகிறது. பார்த்துத் திருப்தியானால் அக்காவை நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் கூலிக்கு வேறு ஆள். இதை நான் சேர்ந்த முதல் நாளே அக்கா சொன்னார். அதாவது, சொதப்பிவிடாதே என்று சொன்னார்.

பூஜைக்கு முந்தைய நாள். "நைனா, நாளிக்குப் பூசை. அல்லாத்தையும் சுத்தமாக் கழுவித் தொடைச்சி ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வச்சிடு. பாம்புக்கும் வையி. அதுவும் நம்மளோட சேர்ந்துதான வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அக்கா பொரியும் பூசணிக்காயும் வாங்க மயிலாப்பூர் போனார்.

எந்த அலமாரியில் அழுக்கு அதிகம் என்று பார்த்தேன். கடைசி அலமாரி. அதில் எட்டு ஜாடிகள். எல்லாமே காட் மீன் வகை. நம் கடைகளில் கிடைக்காத மீன். கப்பலில் பொறியாளராக இருந்த ஒருவர், போகிற துறைமுகங்களில் எல்லாம் இந்த இனத்து மீனாகப் பார்த்து வாங்கி, ஜாடியில் போட்டு, கடைசியில் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டாராம். ஏன் இந்த இனம் மட்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள்.

பெரிய தொட்டியில் சோடா உப்பைக் கரைத்தேன். ஜாடிகளின் மூடி மெழுகு வைத்து அடைத்தது, உள்ளே தண்ணீர் போகாது. எட்டையும் படுக்க வைத்தேன். அரைமணி நேரத்தில் எட்டு லேபிள்களும் ஒரு கிழிசல் இல்லாமல் மேலே வந்தன. ஜாடிகளைத் துடைத்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினேன். சட்டையில் ஃபார்மலின் நாற்றம் ஏறியிருந்ததால் அதையும் அலசி மொட்டை மாடியில் போட்டேன்.

அக்கா பூசணிக்காயோடு வந்தார். ஜாடிகளைப் பார்த்தார்.

"பளபளன்னு கீது" என்றார். பிறகு, "லேபுலு?"

"கழட்டிட்டேன்க்கா."

"ஏன்டா?"

"கழுவணும்னா கழட்டணும்ல?"

அக்கா பூசணிக்காயைத் தரையில் வைத்தார். லேபிளை வைத்துக்கொண்டு பாட்டிலைக் கழுவுவது அரைகுறை வேலை என்பது அந்த நிமிடம் வரை என் நம்பிக்கை.

"இன்னாடா பண்ணி வச்சிக்கிற? எது எந்த மீனுன்னு எப்டிடா தெரியும்?"

"நீங்க பதினோரு வருசமாப் பாக்குறீங்களே?"

"லேபுலு அம்மாம் பெருசு. மீன எவன் பாத்தான்? நான் லேபுலத்தான்டா தொடைச்சிக்கினு இருந்தேன்."

அது உண்மைதான். கப்பல்காரர் பெரிய லேபிளாக ஜாடியின் முன்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தார். பிள்ளைகள் பார்த்ததும் லேபிள்தான்.

இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகக் கிளம்பிவிடுவேன். கூலிக்காரனை யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள். வாசலுக்கு நேரே பஸ் நிறுத்தம் வேறு. ஆனால் சட்டை மாடியில் ஈரமாக இருந்தது. மேகம் போட்ட நாள். அது காய்வதற்குள் நாலு ஜாடிக்கு லேபிள் கண்டுபிடித்துவிட்டோம். அதற்குப் பிறகு கிளம்பத் தோன்றவில்லை.

லேபிள்களைச் செய்தித்தாளில் காயவைத்தோம். மை கலையவில்லை. ஒவ்வொன்றிலும் பெயர், பிடிபட்ட இடம். என் போனில் கண்ணாடி உடைந்திருந்தாலும் படம் தெரியும். நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க, அக்கா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதலில் பொது அடையாளம். இந்த வகையில் பெரும்பாலான மீனுக்கு முதுகில் மூன்று துடுப்பு, அடியில் இரண்டு. தாடையின் கீழே ஒற்றை மீசை. நான் வெட்டிய மீன்களில் எதற்கும் முதுகில் மூன்று துடுப்பு கிடையாது. வஞ்சிரத்துக்கு இரண்டு, பிறகு சின்னச் சின்னதாக வால் வரைக்கும். மூன்று என்பது கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் பட்டது.

பெரிய மீன்களில் ஒன்றுக்கு மட்டும் மூன்று இல்லை. இரண்டாவது துடுப்பு வால் வரை நீளமாக ஓடியது, உடம்பு விலாங்கு மாதிரி. போனைப் பார்த்தால், இந்தக் கூட்டத்தில் அது ஒன்றுதான் கடலை விட்டு ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்து தங்கிவிட்டதாம். ஒரு லேபிளில் ஏரியின் பெயர் இருந்தது. ஒட்டினோம்.

அடுத்தது ஹேடக். தோளுக்குக் கீழே கட்டைவிரலால் மை வைத்து அழுத்தியது போல ஒரு கறுப்பு அடையாளம். ஃபார்மலினில் அத்தனை வருடம் கிடந்தும் அது போகவில்லை. "ரேசன் கடைல கைநாட்டு வச்ச மாரி கீது பாரு" என்றார் அக்கா. மீசையே இல்லாத சின்ன மீன் வைட்டிங். ஒல்லியாக, வால் பிளந்து இருந்தது வட துருவத்துப் பனிக்கட்டிக்கு அடியில் வாழ்வது.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சட்டை காய்ந்திருந்தது. போட்டுக்கொண்டு கீழே வந்தேன்.

விரல் நீளமே இருந்த ஒரு மீனை அதுவரை ஒதுக்கி வைத்திருந்தோம். தலை உச்சியில் ஆன்டெனா மாதிரி ஒரு முள், அடியில் நூல் நூலாக இரண்டு துடுப்பு. மிச்சமிருந்த லேபிள்களில் ஒன்றில் வங்காள விரிகுடா என்று இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் வந்த வரைபடத்தில் காட் மீன்களின் நிறம் எல்லாம் உலகத்தின் உச்சியில், பனிப் பக்கத்தில் பூசியிருந்தது. அதைத் தாண்டி, இந்த ஒரு குட்டிச் சொந்தக்காரன் மட்டும் வெப்பக் கடல்களில் இறங்கி, நம் கடலிலும் ஆழத்தில் இருக்கிறானாம்.

"அப்ப பட்டினப்பாக்கத்துல வலை போட்டா மாட்டுமா?"

"ஆழத்துல கீதாம்க்கா. மாட்னாலும் கருவாட்டுக்குக்கூட ஆவாது."

"ஒறவுல வசதி இல்லாதது இதான் போல" என்று சொல்லிக்கொண்டே அக்கா அதற்கு லேபிளை ஒட்டினார்.

மூன்று ஜாடிகள் மிச்சம். ஒன்றின் லேபிளில் இருந்த அறிவியல் பெயர் போனில் இல்லை. அலாஸ்காவில் பிடித்த மீன், கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். தேடிப் பார்த்ததில், அதைத் தனிப் பேரினமாக வைத்திருந்தவர்கள் மரபணுவைப் பார்த்துவிட்டு, இதுவும் காட் மீனோடு பிறந்ததுதான் என்று சொல்லி, காட் மீனின் பேரினமான காடஸுக்குள் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

"இத்தினி வருசம் கழிச்சி சொந்தம்னு சொல்றானுங்களா?" என்றார் அக்கா. "சொத்து எதனா பிரிக்கணுமா?"

கடைசி இரண்டு ஜாடிகளுக்கும் இரண்டு லேபிள்கள். ஒன்று அட்லாண்டிக் காட், மற்றது பசிபிக் காட். போனில் அதற்கும் கதை இருந்தது. முதலில் எல்லாம் அட்லாண்டிக் பக்கம்தான் இருந்தனவாம். பல லட்சம் வருடங்களுக்கு முன்னால் ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே வடக்கில் ஒரு கடல்வழி திறந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வட துருவக் கடல் வழியாக நீந்திப்போன கூட்டம் அதற்குள் நுழைந்து பசிபிக்கில் இறங்கியது. பிறகு பனி வந்து வழியை அடைத்துவிட்டது. போனது போன இடத்திலேயே இருந்து வேறாகிவிட்டது. அதிகம் இல்லை, கொஞ்சம் வேறு.

"உங்கள மாதிரிதான்க்கா. ஆத்தங்கரைலேர்ந்து பெரும்பாக்கம்" என்றேன்.

"இதுங்கள யாரும் லாரில ஏத்தலடா. தானா போச்சுங்க. அது வேற, இது வேற. நீ மீசையப் பாரு."

பார்த்தோம். இரண்டுக்கும் மீசை இருந்தது. இரண்டுக்கும் மூன்று துடுப்பு. பசிபிக் மீனின் அறிவியல் பெயருக்குப் பெருந்தலை என்று பொருளாம். நூலை வைத்துத் தலைகளை அளந்தோம். ஒன்றின் தலை பெரிது. அதன் உடம்பும் பெரிது. பெரிய மீனுக்குப் பெரிய தலை இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நிறம் போய் இரண்டும் வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தன.

மறுநாள் பூஜைக்கு மியூசியத்தின் பொறுப்பாளர் அம்மா சுண்டலோடு வந்தார். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்தில் வீடு. கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்குச் சிபாரிசு எழுத வேண்டியவரும் அவர்தான்.

"யாரு இதை அலம்பினா?"

"நாங்கதாம்மா" என்றார் அக்கா. நான் என்று சொல்ல வாயெடுத்தேன், அக்கா முறைத்தார்.

"ஆறு சரியா ஒட்டியாச்சோன்னோ? இந்த ரெண்டுல எதையாவது எதிலயாவது ஒட்டிடு. மெட்ராஸ்ல காட் மீனை முழுசாப் பார்த்தவா யாரு இருக்கா? நானே படத்துல பார்த்துண்டுதான் பாடம் எடுத்தேன். எங்காத்துல மீன்னு சொன்னாலே ஸ்நானம் பண்ணணும்."

"கமிட்டி கேட்டா?"

"கேக்க மாட்டா. வந்து காபி குடிச்சுட்டுப் போவா. நீயா எதையாவது சொல்லி வச்சேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ரூபாயைச் சுண்டிப் போட்டால்கூடச் சரியாக விழப் பாதி வாய்ப்பு உண்டு. என் வாழ்க்கையில் பாதி வாய்ப்பு இருந்த காரியங்கள் குறைவு. அக்காவிடம் சொன்னேன்.  அடுத்த நாலு நாளும் அக்கா ஜாடிகளைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்த்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம், "முடியாதுடா" என்றார்.

"ஏன்க்கா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல? வாரா வாரம் புள்ளைங்க வருது. இது அட்லாண்டிக்கு, இது பசிபிக்குன்னு நான்தான சொல்லணும். தப்பா ஒட்னா என்னாவும்? பர்மனென்ட்டா தப்பு சொல்லிக்கினு இருக்கணும்."

அட்டையை வெட்டி, தமிழில், குண்டு குண்டான எழுத்தில் இரண்டு லேபிள் எழுதினார். இரண்டிலும் ஒரே வாசகம். 'காடஸ். காட் மீன். அட்லாண்டிக்கா பசிபிக்கா என்று தெரியவில்லை. கழுவும்போது லேபிள் கழன்றுவிட்டது.' பழைய லேபிள்களைக் கவரில் போட்டு இரண்டு ஜாடிக்கும் நடுவே வைத்தார். மீன் தெரிகிற மாதிரி, ஏற்கெனவே ஒட்டிய ஆறையும் கழற்றி, இந்த முறை எல்லா லேபிளையும் ஜாடியின் பக்கவாட்டில் ஒட்டினோம். அப்போதுதான் அந்த அலமாரியில் மீன் இருப்பது முதல்முறையாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் பாம்பு அலமாரியோடு திரும்பி மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டார்கள். மூன்றாமவர் மீன்வளத் துறையில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் கடைசி அலமாரி வரைக்கும் வந்தார். குனிந்து அக்காவின் லேபிளைச் சத்தமாக வாசித்தார். பொறுப்பாளர் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"யாரு கழுவுனது?"

"நான் சார்" என்றேன். இந்த முறை அக்கா முறைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"இதை எழுதுனது?"

"நான்தான் சார்" என்றார் அக்கா. "ஆறு கண்டுபுடிச்சிட்டோம். இந்த ரெண்டு தெரியல. அதான் தெரியலன்னே எழுதிட்டேன்."

அவர் இரண்டு ஜாடிகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். பத்து நிமிடம் கழித்து, "வெளியிலேர்ந்து எனக்கும் சொல்ல முடியல. உள்ளே காற்றுப்பையைப் பார்த்தா ஒருவேளை சொல்லலாம். யாராவது அறுப்பீங்களா?" என்றார்.

அந்த அறையில் மீன் அறுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தட்டில் வைத்து வயிற்றில் கத்தி போட்டேன். சைக்கிள் டயரை அறுப்பது போல இருந்தது. உள்ளே குடல் இல்லை, காற்றுப்பை இல்லை, பஞ்சு இருந்தது. கப்பல்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பஞ்சு அடைத்துத் தைத்திருக்கிறார். அடுத்த மீனையும் அறுத்தேன். அதிலும் பஞ்சு.

"பஞ்சைப் பார்த்து எந்தச் சமுத்திரம்னு சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். "கிரீன்லாந்து பக்கம் ஒரு காட் இருக்கு. தனி இனம்னே ரொம்ப நாள் எழுதி வச்சிருந்தாங்க. அப்புறம் அது பசிபிக் காடேதான்னு அடிச்சிட்டு எழுதுனாங்க. தெரியலைன்னு எழுதுறது ஒண்ணும் குத்தமில்லை."

மின்விசிறிக்குக் கீழே நின்றவர்களில் ஒருவர், "லேபிளைக் காப்பாத்தத் தெரியாதவங்களை எப்படி நிரந்தரமாக்குறது?" என்று கேட்டார். அக்காவுக்குக் கேட்கும்படிதான் கேட்டார். பிறகு மூவரும் பொறுப்பாளர் அம்மாவும் மேல்மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எட்டு டம்ளர் காபி உள்ளே போனது. அதாவது ஆளுக்கு இரண்டு.

நானும் அக்காவும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம்.

"பழைய லேபுலயே ஒட்டியிருக்கலாமாடா?" என்றார் அக்கா.

"ஒட்டியிருந்தா அந்த ஆளு அறுத்துப் பாத்தாலும் கண்டுபுடிச்சிருக்க மாட்டாரு."

"அதான் நானும் யோசிச்சிக்கினு கீறேன்."

வந்தவர்கள் எங்களைத் தாண்டிக் காரில் ஏறினார்கள். முடிவு என்ன என்று தெரியவில்லை. மீன்வளத்துறைக்காரர் மட்டும் அக்காவைப் பார்த்து, மீன்களை மறுபடி தைத்துப் போட்டுவிடச் சொன்னார். தைத்தோம். அக்காவின் தையல் என் கையில் டாக்டர் போட்டதைவிட நன்றாக இருந்தது.

பத்து நாள் முடிந்து நான் கிளம்பினேன். மாம்பலத்தில் ஒரு துணிக்கடைக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, பொங்கலுக்கு முன்னால், அக்காவிடமிருந்து போன் வந்தது. ரங்கநாதன் தெருக் கூட்டத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றேன்.

"ஆர்டர் வந்துடுச்சிடா. பர்மனென்ட்டு."

"அப்ப நல்லதுதானக்கா. குரல் ஏன் ஒரு மாதிரி கீது?"

"மீசியத்துல இல்ல. அவங்களுக்குக் கிண்டில லேடீஸ் ஆஸ்டல் கீது. அங்க ஸ்டோரு. பெட்சீட்டு, தலகாணி, பக்கெட்டு. மீசியத்துக்குப் படிச்ச ஆளத்தான் போடணுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவர் வேலை விஷயத்தில் எனக்கு எப்போதும் உடனே கோபம் வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"போடா. மீனாண்ட இருந்தா பர்மனென்ட்டு இல்ல, பர்மனென்ட்டுன்னா மீனு இல்ல. நேத்தே போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். பெரும்பாக்கத்துலேர்ந்து ஒரே பஸ்ஸு."

புதிதாக வந்தவர் எப்படி என்று கேட்டேன். எம்.எஸ்சி. படித்தவராம், மரியாதையான ஆளாம். அக்கா அவருக்கு ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு ஜாடியாகக் காட்டிக் கொடுத்திருக்கிறார். கடைசி அலமாரியில் அந்த இரண்டு ஜாடிகள் வந்ததும், இதில் ஏன் முழுப்பெயர் இல்லை என்று கேட்டாராம். அக்கா நடந்ததை எல்லாம் சொல்லி, கவரையும் காட்டினாராம்.

"இன்னிக்கு மத்தியானம் சாவி குடுக்கப் போனேன். ரெண்டு ஜாடிக்கும் பழைய லேபுல ஒட்டி வச்சிக்கிறாரு. ஒண்ணு அட்லாண்டிக்கு, ஒண்ணு பசிபிக்கு."

"எப்பிடிக் கண்டுபுடிச்சாராம்?"

"கேக்கல."

"ஏன்க்கா?"

"படிச்சவருடா" என்றார் அக்கா. ஆஸ்டலில் யாரோ பக்கெட் கேட்டு வந்துவிட்டார்கள், போனை வைத்துவிட்டார்.